"எதிர்பார்ப்பு" கட்டத்துல என்ன எழுதறது? ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கேன்

நூல்கண்டு · ஞாயிறு, இரவு 11:52

வணக்கம். வயசு 31. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர்.

இன்னிக்கு மத்தியானம் சித்தப்பா பையன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான், வரன் தளத்துல எனக்குப் பதிவு போட. உயரம், நட்சத்திரம், குலதெய்வம், சம்பளம் எல்லாத்தையும் அம்மாவே பக்கத்துல உக்காந்து சொல்லிட்டாங்க. கடைசியா ஒரு பெரிய கட்டம்: 'துணையைப் பற்றிய எதிர்பார்ப்பு'. தம்பி என்னைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் ஃபேனைப் பார்த்தேன்.

வேலையில நான் இப்படி இல்லைங்க. ஒரு டி-ஷர்ட்டுக்கு மூணு பக்கம் ஸ்பெக் இருக்கும், மூணும் மனப்பாடம். 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, மார்பளவு 52 செ.மீ., கூடக்குறைய 1 செ.மீ. வரைக்கும் ஓகே, அதுக்கு மேல போனா ரிஜெக்ட். கழுத்துப் பட்டி அரை செ.மீ. சரிஞ்சிருந்தா லைன் இன்சார்ஜ்கிட்ட சண்டை போடுவேன். என் வாழ்க்கைக்கு ஒரு வரி வரமாட்டேங்குது.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஒருத்தரோட மூணு வருஷம் பழகினேன். ஜாதி, வீடு, ஜாதகம் எதுவும் பிரச்சனையா வர்ற அளவுக்குக்கூட அது போகலை. எங்க சாப்பிடலாம்? உங்க இஷ்டம். பெங்களூர் போயிரலாமா, இங்கயே இருக்கலாமா? உங்க இஷ்டம். வீட்டுல எப்போ சொல்லலாம்? உங்க இஷ்டம். ஒருநாள் அவர், "எல்லாத்தையும் நானே முடிவு பண்ணி எனக்கு அலுத்துப்போச்சு"ன்னு சொன்னார். நான் அதுவரைக்கும் விட்டுக்குடுக்கறேன்னு பெருமையா நினைச்சிட்டிருந்தேன்.

இப்போ ரெண்டு ஜாதகம் வந்திருக்கு. ஒண்ணு ஈரோடு, ஒண்ணு கோயமுத்தூர். கல்யாணம் வேணுமா? தெரியலை. வேண்டாமா? அதுவும் தெரியலை. குழந்தை? வேலை? ஊர்?

உங்களுக்கு என்ன வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? 'மனசு சொல்றதைக் கேளு'ன்னு மட்டும் சொல்லாதீங்க. கேட்டுப் பார்த்தேன், அது வாயே திறக்கலை.

வாய்க்கால்மேடு · திங்கள், காலை 5:40

ஏனுங் அம்மிணி, இதுக்குப் போயி ரெண்டு மணி நேரமா? 'படிச்ச, குடிப்பழக்கம் இல்லாத, பொறுப்பான பையன்'னு எழுதிப்போட்டுத் தூங்குங்க. எனக்கு 1988ல கண்ணாலம். அதுக்கு முன்னால ஊட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லை. 37 வருசம் ஓடிப்போச்சு, ஒரு கொறையுமில்லை. பழகப் பழக எல்லாஞ் செரியாயிரும்.

ரெண்டாம்_ஷிஃப்ட் · திங்கள், காலை 9:15

மேடம், நானும் திருப்பூர்தான், டையிங் யூனிட்ல, அதான் சாயப்பட்டறையில, லேப்ல இருக்கேன். உங்களுக்குத் தெரியாததில்லை, மத்தவங்களுக்காகச் சொல்றேன். பையர் ஒரு கலர் நம்பர் அனுப்புவார். நாங்க அதுக்கு லேப் டிப், அதாவது சின்னத் துணியில மாதிரிச் சாயம் போட்டு ஏ, பி, சின்னு மூணு துண்டு அனுப்புவோம். அவர் என்ன எழுதி அனுப்புவார்? "பி பரவால்ல, ஆனா சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, குறைங்க." அந்த ஆளுக்கு முதல்ல இருந்தே என்ன கலர் வேணும்னு தெரிஞ்சிருந்தா மூணு துண்டு எதுக்கு? கையில துணி வந்தப்புறம்தான் 'இது இல்லை'ங்கறது தெரியும். உங்களுக்கும் அப்படித்தான். வெறும் கட்டத்தைப் பார்த்து யோசிச்சா ஒண்ணும் வராது. ரெண்டு பேரையும் போய்ப் பாருங்க. என்ன தூக்கலா இருக்குன்னு அப்போ தெரியும்.

இன்னொண்ணு. கலர் ஒத்துப்பார்க்கற லைட் பாக்ஸ்ல டி65 போட்டா பகல் வெளிச்சம், டிஎல்84 போட்டா கடை வெளிச்சம். முதல்ல அச்சா ஒத்துப்போன கலர் ரெண்டாவதுல பல்லை இளிக்கும். ஆளுங்களையும் ஒரே வெளிச்சத்துல பார்த்து ஓகே பண்ணிடாதீங்க. ஹோட்டல்ல பார்த்தீங்கன்னா, ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல நிக்க வெச்சும் பாருங்க.

கறுப்புக்குடை · திங்கள், காலை 11:02

ரெண்டாம்_ஷிஃப்ட், உவமை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல நான் துணித் துண்டா இருந்திருக்கேன். ஒன்பது தடவை. ஏழாவது வீட்டுல இருந்து தரகர் மூலமா வந்த பதில்: 'பொண்ணு கொஞ்சம் அதிகமா சிரிக்குது.' எட்டாவதுக்கு அத்தை என்னைச் சிரிக்காதன்னு சொல்லி உக்கார வெச்சாங்க. பதில்: 'பொண்ணுக்கு விருப்பம் இல்லை போல, சிரிக்கவே இல்லை.' லேப் டிப் திரும்பி வந்தா டிரம்முல போட்டுருவீங்க. மனுஷி திரும்பி வந்தா எங்க போடறது?

நூல்கண்டு, உங்ககிட்ட ஒரு கேள்வி. உங்களுக்கு நிஜமாவே என்ன வேணும்னு தெரியலையா? இல்லை, தெரிஞ்சும் அதைக் கேக்க உரிமை இல்லைன்னு சின்ன வயசுலயே யாரோ சொல்லிக்குடுத்துட்டாங்களா? ரெண்டும் வேற வேற. எட்டாத திராட்சையை நரி புளிக்கும்னு சொல்லுச்சு. நம்ம வீட்டுப் பொண்ணுங்க அதுக்கும் ஒருபடி மேல, 'எனக்குத் திராட்சையே பிடிக்காது'ன்னு நம்பியே வளருவோம். கிடைக்கவே கிடைக்காதுன்னு ஆனவங்க ஆசையையே அந்த அளவுக்குச் சுருக்கிக்குவாங்கன்னு அமர்த்திய சென் எழுதியிருக்கார். அதனால 'ஆசை இல்லை'ங்கறதை அப்படியே நம்பிடாதீங்க.

நூல்கண்டு · திங்கள், மதியம் 1:30

கறுப்புக்குடை, டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சுட்டு உங்க பதிவையே பார்த்திட்டிருக்கேன். பதில் எழுதறேன், கொஞ்சம் டைம் குடுங்க. ஷிப்மெண்ட் வேற இருக்கு.

சிவா_டூ_பாயிண்ட் · திங்கள், மதியம் 2:10

ஓவரா யோசிக்கறீங்க. பிடிச்ச மாதிரி தெரிஞ்சா கட்டிக்கோங்க. ஒத்துவரலைன்னா மியூச்சுவல் போட்டு ஆறே மாசத்துல வெளிய வந்துரலாம். இது 1980 இல்லை. அப்புறம் 31 ஆச்சு, இன்னும் தள்ளிப்போட்டா குழந்தை விஷயம் கஷ்டம், அதையும் பார்த்துக்கோங்க.

மூணாவது_மாடி_கோர்ட் · திங்கள், மாலை 6:45

சிவா, 'ஆறே மாசம்'னு சொல்லி ஜனங்களைக் கிணத்துல தள்ளாதீங்க. நான் குடும்ப நல நீதிமன்றத்துல பிராக்டிஸ் பண்றேன்.

1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாம விவாகரத்து மனுவே போட முடியாது. ரொம்ப அசாதாரணமான கொடுமைன்னு கோர்ட் ஏத்துக்கிட்டாத்தான் விலக்கு. பரஸ்பர சம்மதம்னா 13பி பிரிவு: மனு போடறதுக்கு முன்னாடியே ஒரு வருஷம் பிரிஞ்சு வாழ்ந்திருக்கணும். மனு போட்டதுக்கு அப்புறம்தான் நீங்க சொல்ற ஆறு மாசம் ஆரம்பிக்குது. அந்த ஆறு மாசத்தைத் தேவைப்பட்டா தள்ளுபடி செய்யலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. செய்யலாம்னுதான், செய்தே ஆகணும்னு இல்லை. இதெல்லாம் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா. ஒருத்தர் முறுக்கிக்கிட்டா கணக்கே வேற.

வார்டு_நம்பர்_4 · திங்கள், இரவு 8:20

நான் மகப்பேறு வார்டுல நர்ஸ். குழந்தை விஷயத்தைப் பத்தி நானும் சொல்லிடறேன், ஏன்னா இந்த பயத்தைக் காட்டியே பாதிக் கல்யாணம் நடக்குது.

31ல எந்தக் கதவும் சாத்திக்காது. கருத்தரிக்கற வாய்ப்பு முப்பதுகள்ல மெதுவா குறையும், 35க்கு மேல கொஞ்சம் வேகமா, 40 நெருங்க நெருங்க நல்லாவே குறையும். ஏஎம்எச் டெஸ்ட் எடுத்துட்டு வந்து அழறவங்க நிறையப் பேர். அது முட்டை எவ்வளவு மிச்சமிருக்குங்கறதுக்கு ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான். இயல்பா கரு தங்குமா தங்காதாங்கறதை அது சொல்லாது. முட்டையை உறைய வெச்சுக்கற வழி இருக்கு. ஆனா செலவு, ஊசி, உடம்பு வலி எல்லாம் உண்டு, நிச்சயமா குழந்தை பிறக்கும்னு உத்தரவாதமும் இல்லை. காலம் முக்கியம்தான். அதுக்காக இந்தத் தை மாசத்துக்குள்ளன்னு ஓட வேண்டியதில்லை.

நடத்துநர் · திங்கள், இரவு 10:05

ரெண்டு பதிவுகளை எடுத்திருக்கேன். பொண்ணுங்க வயசை வெச்சு நக்கல் அடிக்கறதுக்கு வேற திண்ணை பாருங்க.

அரைகுறை_சைக்காலஜி · செவ்வாய், காலை 10:30

உளவியல் முதுகலை படிச்சிட்டிருக்கேன். 2008ல பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்கள்கிட்ட முதல்ல 'உங்களுக்கு எப்படிப்பட்ட துணை வேணும்'னு எழுதி வாங்கிட்டு, அப்புறம் சில நிமிஷம் சில நிமிஷமா வேற வேற ஆளுங்களோட பேச வெச்சாங்க. அழகு முக்கியம், சம்பாத்தியம் முக்கியம்னு எழுதினவங்க, நேர்ல யாரைப் பிடிச்சுதுன்னு பார்த்தா, எழுதினதுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தமே இல்லை. ஆக, அந்தக் கட்டம் காலியா இருக்கறதுல உங்களுக்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்லை. மத்தவங்களும் என்னத்தையோ எழுதி நிரப்பியிருக்காங்க.

கறுப்புக்குடை · செவ்வாய், காலை 10:48

அந்த ஆய்வுல மாமியாரும் பக்கத்து டேபிள்ல உக்காந்திருந்தாங்களா?

அரைகுறை_சைக்காலஜி · செவ்வாய், காலை 10:55

இல்லை. அதனாலதான் சில நிமிஷத்துல முடிஞ்சுது. :)

பழைய_டிக்கெட் · செவ்வாய், இரவு 11:40

இங்க பொதுவா படிச்சிட்டுப் போயிருவேன். 'உங்க இஷ்டம்'ங்கற வார்த்தையைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியலை.

வயசு 38. ஊர் நாகர்கோவில் பக்கம், வேலை சென்னையில. எனக்கு அந்தக் கட்டம் காலியா இல்லை. வரிசையா எழுதினேன். பி.இ. முடிச்சிருக்கணும், சென்னையில வேலை, எங்க பக்கத்து ஊரா இருந்தா நல்லது, அமைதியான குணம். நாலும் அப்படியே அமைஞ்சுது. நம்ப மாட்டீங்க, ஒரு குறை சொல்ல முடியாத பொண்ணு. சண்டையே வராது. எங்க அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாங்க. ரெண்டரை வருஷத்துல பிரிஞ்சோம்.

என்ன நடந்துதுன்னு யாராவது கேட்டா, சொல்றதுக்கு ஒரு சம்பவம்கூட இல்லை. அடிதடி இல்லை, வேற யாரும் இல்லை, பணத் தகராறு இல்லை. நான் 'உன் இஷ்டம்', அவ 'உங்க இஷ்டம்'. வீட்டுல ரெண்டு பேரும் விட்டுக்குடுத்தா வீட்டை யார்தான் நடத்தறது? ராத்திரி எட்டரைக்கு என்ன பண்றதுன்னு யாரும் சொல்லாம, மாவு இருக்கேன்னு தோசை. அடுத்த நாளும் மாவு இருக்கும். ரெண்டரை வருஷம் பெரும்பாலும் தோசை சாப்பிட்டோம். எனக்குத் தோசை அவ்வளவா பிடிக்காது. அவளுக்கும் பிடிக்காதாம். இது எனக்குத் தெரிஞ்சது கோர்ட்ல.

கவுன்சலிங்குக்கு அனுப்பினாங்க. அந்தம்மா ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, "ஒருத்தருக்காக ஒருத்தர் பண்ணினதுல ஒண்ணைச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. நான் உடனே சொன்னேன்: கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போறப்பல்லாம் கீழ் பெர்த்தை இவளுக்குக் குடுத்துட்டு நான் மேல ஏறிப் படுத்துக்குவேன். எனக்கு முதுகு வலி வேற. அவ தலையைக் குனிஞ்சுட்டே சொன்னா: "எனக்கு மேல் பெர்த்தான் பிடிக்கும். கீழ படுத்தா யாராவது கால்மாட்டுல வந்து உக்காந்துருவாங்களோன்னு தூக்கமே வராது. நீங்க ஆசையா குடுக்கறீங்களேன்னு சொல்லலை."

எத்தனை தடவை ஊருக்குப் போயிருப்போம்! ஒவ்வொரு தடவையும் நான் முதுகு வலியோட மேல, அவ தூக்கமில்லாம கீழ. ரெண்டு பேரும் தியாகம் பண்ணிட்டிருந்தோம்.

கவுன்சலர் சிரிச்சுட்டாங்க. நாங்களும் சிரிச்சோம். அன்னிக்குத்தான் கல்யாணம் ஆனதுல இருந்து முதல் தடவையா நல்லா பேசினோம்னு நினைக்கறேன். ஆனா அதுக்குள்ள ரெண்டு பேருமே களைச்சுப்போயிருந்தோம். கையெழுத்துப் போட்டுட்டோம். அவ இப்போ நல்லா இருக்கா, எப்பவாவது மெசேஜ் பண்ணுவா.

அதனால நூல்கண்டு, நீங்க கட்டத்துல என்ன எழுதறீங்கங்கறது எனக்குப் பெரிய விஷயமாப் படலை. ராத்திரி எட்டரைக்கு 'எனக்கு உப்புமா வேணும்'னு வாயைத் திறந்து சொல்ல வருமா உங்களுக்கு? வரலைன்னா ஈரோடு, கோயமுத்தூர் எங்க போனாலும் மாவு இருக்கும்.

வார்டு_நம்பர்_4 · புதன், காலை 7:05

நைட் டூட்டி முடிச்சு பஸ்ல படிச்சேன். ஒண்ணும் சொல்லத் தோணலை.

சாக்பீஸ் · புதன், மாலை 5:30

தங்கச்சி, எனக்கு 46. பாளையங்கோட்டையில டீச்சர். கல்யாணம் பண்ணிக்கிடலை. இதை வீரக் கதையாவும் எடுத்துக்காதே, சோகக் கதையாவும் எடுத்துக்காதே.

எனக்கு 'வேண்டாம்' முதல்ல வந்துது. 27, 28லயே தெரிஞ்சு போச்சு, யாரும் வந்து உக்காந்தாலே எப்போ எந்திரிச்சுப் போவாவன்னு இருக்கும். ஆனா 'வேணும்' வர எட்டு வருஷம் ஆச்சு. அந்த எட்டு வருஷம்தான் கஷ்டம். கல்யாணம் வேண்டாம்னு எல்லார்ட்டயும் அடிச்சுச் சொல்லியாச்சு. சரி, அதுக்குப் பதிலா என்னன்னு கேட்டா கையில ஒண்ணும் இல்லை. நீ ரெண்டையும் ஒரே ராத்திரியில கேக்கே, அதான் வரலை.

செலவையும் சொல்லிருதேன். வாடகைக்கு வீடு கேட்டா 'யார் யார் இருக்கீங்க'ம்பாவ. 'நான் மட்டும்'னதும் முகம் மாறிரும். நாலு வீடு மாறியிருக்கேன். பித்தப்பை ஆபரேசனுக்குப் படுத்தப்ப 'கூட யாரு வந்திருக்கா, கையெழுத்துப் போட'ன்னு கேட்டாவ. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து போட்டா.

36 வயசுல தத்தெடுக்கலாமான்னு பார்த்தேன். தனியா இருக்க பொம்பளை ஆண் குழந்தை, பெண் குழந்தை எதை வேணும்னாலும் தத்தெடுக்கலாம், சட்டம் இருக்கு. தனியா இருக்க ஆம்பளைக்குப் பெண் குழந்தை கிடையாது. ஃபாரம் எல்லாம் எடுத்து வச்சு, ஒரு மாசம் தினம் ராத்திரி அதைப் பார்ப்பேன். அப்பத்தான் புரிஞ்சுது, எனக்குக் குழந்தை வேணும்னு இல்லை, 'இவளுக்கு யாருமில்லை'ன்னு ஊர் சொல்லக் கூடாது, அதான் வேணும். உள்ள தூக்கி வச்சுட்டேன். அது ஒரு வேணும்தான், ஆனா அதுக்கு ஒரு பிள்ளையைக் கொண்டு வரக் கூடாதுல்லா.

உனக்கு ஒரு சோதனை சொல்லுதேன். பேங்க்ல, பி.எஃப்.ல நாமினின்னு ஒரு கட்டம் இருக்கும். வருசத்துக்கு ஒருக்கா அதை எடுத்துப் பார்ப்பேன். முதல்ல அம்மா. அப்புறம் தங்கச்சி. இப்போ தங்கச்சி மவ. ஒவ்வொரு தடவை பேரை மாத்தும்போதும் என் ஆளுங்க யாருன்னு எனக்கே கொஞ்சம் தெளியும். எதிர்பார்ப்பு கட்டம் வரலைன்னா இந்தக் கட்டத்தை எழுதிப் பாரு.

மூணாவது_மாடி_கோர்ட் · புதன், மாலை 6:10

டீச்சர், கும்பிடறேன். இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். நாமினி போட்டா மட்டும் பேங்க் பணம் அந்தப் பொண்ணுக்குச் சொந்தமாயிடாது. நாமினி பணத்தை வாங்கி வெச்சுக்கற ஆள்தான், வாரிசுங்க உரிமை கேட்டு வரலாம். ஒரு உயில் எழுதி ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கி வெச்சுருங்க. பத்திரப் பதிவு கட்டாயமில்லை, செஞ்சா நல்லது.

சாக்பீஸ் · புதன், மாலை 6:22

ஆத்தாடி. இது தெரியாம இருந்திருக்கேனே. நாளைக்கே ஆள் பார்க்கேன். ரொம்ப நன்றி தம்பி.

வாய்க்கால்மேடு · வியாழன், காலை 5:35

அந்தத் தம்பி ரயில் கதையைப் படிச்சுப்போட்டு ராத்திரி ஊட்டுக்காரிகிட்ட கேட்டேனுங்க. "ஏனுங்கம்மா, உனக்கு என்ன வேணும், சொல்லு"ன்னு. மேலயும் கீழயும் பார்த்துப்போட்டு, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதான்னு கேட்டா. இல்லை, செரியாத்தான் இருக்கேன், சொல்லுன்னேன்.

"அந்த ரெண்டு எருமையையும் வித்துப்போடுங்க"ன்னுட்டா.

எனக்கு ஒண்ணும் புரியலை. அவளுக்குப் புடிக்கும்னுதான் பசங்க வேண்டாம்னப்பக்கூட நான் வித்துப்போடாம வெச்சிருந்தேன். அவ, எனக்குப் பிரியம்னு இருபது வருசமா விடியால நாலு மணிக்கு எந்திரிச்சுப் பால் கறந்துட்டிருக்கறா. நம்மள மாதிரி ஆளு ஒரு குறையுமில்லைன்னு இங்க வந்து எழுதறேன் பாருங்க.

அம்மிணி, நான் முதல்ல எழுதுனதைக் கணக்குல எடுத்துக்காதீங்க.

கறுப்புக்குடை · வியாழன், காலை 9:20

ஐயா, உங்க பதிவைப் படிச்சு ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன். ஆனா ஒரு சின்ன முரண்டு. ரயில் கதையிலயும் எருமைக் கதையிலயும் ரெண்டு பேரும் சமமா வாயை மூடிட்டிருந்த மாதிரி எழுதறோம். அம்மா நாலு மணிக்கு எந்திரிச்சாங்க. நீங்க எந்திரிக்கலை. வாயைத் திறக்கற பழக்கம் இருந்தா மட்டும் போதாது. திறந்தா என்ன ஆகும்ங்கற பயம் யாருக்கு அதிகம்னும் பார்க்கணும். என் அக்கா வாயைத் திறந்தா. ஆறு மாசம் அம்மா வீட்டுல இருந்தா.

வாய்க்கால்மேடு · வியாழன், காலை 9:58

நெசந்தானுங்க.

நூல்கண்டு · 24 நாள் கழிச்சு, ஞாயிறு, மாலை 4:15

ஷிப்மெண்ட் போயிருச்சு. எல்லாருக்கும் சேர்த்து எழுதறேன், நீளமா இருக்கும்.

கறுப்புக்குடை, உங்க கேள்விக்கு. 2011 ஜனவரியில, சாயத் தண்ணியில நொய்யல் ஆறு கெட்டுப்போனதுக்காக ஐகோர்ட் உத்தரவு போட்டு திருப்பூர் டையிங் யூனிட் எல்லாத்தையும் மூடினாங்க. அப்பா அப்போ டையிங்ல சூப்பர்வைசர். நான் பிளஸ் டூ, மார்ச்ல பரீட்சை. ஆத்துக்குச் செஞ்சது சரின்னு இன்னிக்கும் சொல்வேன், ஆனா எங்க வீட்டுல சம்பளம் நின்னுபோச்சு. வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு ஒரு லைன் வீட்டுக்குப் போனோம். ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு, நாலு பேர். ரிசல்ட் வந்த அன்னிக்கு அப்பா வாசல்படியில உக்காந்துட்டு, "என்ன படிக்கறே கண்ணு"ன்னு கேட்டார். எனக்கு ஆர்கிடெக்சர் படிக்கணும். நோட்டு நிறைய வீட்டுப் படமா வரைஞ்சு வெச்சிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "உங்க இஷ்டம்ப்பா"ன்னேன். அவர் பெருமூச்சு விட்டது இன்னும் காதுல இருக்கு. நிம்மதியான பெருமூச்சு. அந்தச் சத்தத்துக்காகவே அப்புறம் எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டிருந்திருக்கேன் போல. பி.காம் படிச்சேன். அப்பா மேல கோபம் எதுவும் இல்லைங்க. அன்னிக்கு அது சரியான பதில்தான். ஆனா அந்த வருஷம் முடிஞ்சு பல வருஷம் ஆச்சு, எனக்கு யாரும் சொல்லலை.

பழைய_டிக்கெட், உங்களால ஒரு விளையாட்டு ஆரம்பிச்சேன். யார் என்ன வேணும்னு கேட்டாலும் பத்து எண்ணறதுக்குள்ள பதில் சொல்லணும். 'எதுன்னாலும் சரி' சொன்னா பத்து ரூபா உண்டியல்ல போடணும். முதல் வாரத்துல நூத்திநாப்பது ரூபா. பேக்கரியில 'டீயா காபியா' கேட்டாலே நாக்கு ஒட்டிக்குது. ஒன்பது வருஷமா கம்பெனியில டீ குடிக்கறேன், எனக்கு டீ பிடிக்காதுங்க. அம்மா 'என்ன கொழம்பு வைக்க'ன்னதும் 'புளிக்கொழம்பு'ன்னேன். கரண்டியோட ஒரு நிமிஷம் அப்படியே நின்னாங்க. அப்புறம், "அது எனக்குப் புடிக்காதே, உனக்குந்தான் புடிக்காதுன்னு நெனச்சேன்"னாங்க. சண்டை. ரெண்டு கொழம்பு வெச்சோம்.

எல்லாம் இப்படிச் சிரிப்பா இருக்கலை. ரெண்டாவது வாரம் பெருசு ஒண்ணு வந்துது. கூட வேலை பார்க்கற பொண்ணு புது வீடு கட்டறா, பிளானைக் காட்டினா. ஒரு சின்ன அறையைக் காட்டி 'இது எனக்கு, உள்ள தாழ்ப்பாள் வெச்சிருக்கேன்'னா. எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. பாத்ரூம் போய் நின்னேன். பதினாலு வருஷமா நான் ஒரு கதவு சாத்தின அறையில தூங்கினதில்லை. இப்போ ரெண்டு அறை வீடுதான், ஆனா அம்மாவும் நானும் ஒரே அறை. எனக்குக் கதவு வேணும். கல்யாணம் ஆனாலும் ஆகலைன்னாலும். இதைச் சொன்னா 'புருஷன்கிட்டயே கதவைச் சாத்துவியா'ன்னு கேப்பாங்க. ஆமா, சில நாள் சாத்துவேன்.

சாக்பீஸ் அக்கா, நாமினி கட்டத்தையும் எழுதிப் பார்த்தேன். அப்பா பேரை எழுதினேன். அடுத்து யார்னு யோசிச்சப்போ யாரும் வரலை, அது கஷ்டமா இருந்துது. அப்போ எனக்கு யாரோ வேணும்தான் போல. பயத்துனால இல்லைன்னு நினைக்கறேன். அதை இன்னும் ஒரு மாசம் ராத்திரி ராத்திரி பார்த்துட்டுச் சொல்றேன்.

போன வாரம் ஈரோட்டுக்காரரைப் பார்த்தேன். பெருந்துறை ரோட்டுல ஒரு ஹோட்டல். ரெண்டு குடும்பமும் ஒரு டேபிள், நாங்க தள்ளி ஒரு டேபிள். உக்காந்ததும், 'ஏதாச்சும் குடிக்கலாமா?'ன்னு கேட்டேன்.

அவர் சொன்னார்: "உங்க இஷ்டம்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. பாவம், பயந்துட்டார். அம்மா அங்கிருந்து முறைக்கறாங்க. எனக்கு உப்பு போட்ட லெமன் சோடான்னு சொல்லிட்டு, உங்களுக்குன்னு கேட்டேன். "எனக்கும் அதே." இல்லை, உங்களுக்கு என்ன வேணும்? மெனு கார்டை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினார். சர்வர் வந்து நின்னாச்சு. கடைசியில லெமன் சோடாதான் சொன்னார். பாதி குடிச்சுட்டு வெச்சுட்டார்.

கதவு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "எங்க வீட்டுல யாரும் கதவைச் சாத்த மாட்டாங்க"ன்னார். நல்லதுக்குச் சொன்னாரா கெட்டதுக்குச் சொன்னாரான்னு தெரியலை. அவ்வளவுதான் பேசினோம். சரி, இது ஆகாதுன்னு நினைச்சு வந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு மெசேஜ் வந்துது. 'யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு ரோஸ் மில்க்.'

அரைகுறை_சைக்காலஜி · ஞாயிறு, மாலை 4:31

ஐயோ.

ரெண்டாம்_ஷிஃப்ட் · ஞாயிறு, மாலை 4:40

மேடம், இது டி65. டிஎல்84ல ஒரு தடவை பார்த்துருங்க.

கறுப்புக்குடை · ஞாயிறு, மாலை 5:02

ரோஸ் மில்க்ல மயங்கிடாதீங்க. கதவுக்கு இன்னும் பதில் வரலை. அதைக் கேளுங்க.

நூல்கண்டு · ஞாயிறு, மாலை 5:20

கேட்டிருக்கேன். 'டைப்பிங்'னு காட்டுது, நிக்குது, மறுபடி காட்டுது. கட்டத்துல ஒரு வரி எழுதிட்டேன்: 'என்ன வேணும்னு கேட்டா பதில் சொல்றவர். வீட்டில் எனக்கு ஒரு கதவு.' தம்பி சொல்றான், குறைஞ்சது 100 எழுத்து இருந்தாத்தான் தளம் ஏத்துக்குமாம்.

பழைய_டிக்கெட் · ஞாயிறு, மாலை 5:26

இன்னொரு வரி சேர்த்துக்கோங்க. மேல் பெர்த்தா, கீழ் பெர்த்தா?

நூல்கண்டு · ஞாயிறு, மாலை 5:27

சைடு அப்பர்.